கவுச் டு 5கே முடிஞ்சாச்சு, செவ்வாக்கிழமைக்கு என்ன செய்ய?

கவுச் டு 5கேங்கிறது ஓடியே பழகாதவங்கள ஒம்பது வாரத்துல அஞ்சு கிலோமீட்டர் ஓட்டத்துக்கு கொண்டு வர்ற ஒரு ப்ரோக்ராமு, நான் போன்ல ஆப்பு வச்சு ஓடுனேன். அதுல ஒம்பதாவது வாரம் கடைசி ஓட்டத்த முடிச்சிட்டு வாசப்படியில வந்து உக்காந்தப்போ ஆப்பு கலர் கலரா பேப்பர் பறக்கவிட்டு வாழ்த்து சொல்லிச்சு, எனக்கு ரெண்டு சொட்டு கண்ணீரே வந்துருச்சு, வீட்டுக்காரரு பதறிப்போயி "என்ன பிள்ளே, காலு பிசகிச்சா"ன்னு கேக்காரு. அது ஒரு சனிக்கிழமை. செவ்வாக்கிழமை காலம்பற அடுத்த ஓட்டம் என்னன்னு பாக்க ஆப்ப தொறந்தா அதுல ஒண்ணுமே இல்ல, எல்லா வாரத்துக்கும் பச்சை டிக் போட்டு முடிஞ்சு கெடக்கு. சரி இன்னைக்கு ஒருநாள் ரெஸ்ட் எடுப்போம்னு திரும்பிப் படுத்தேன். அந்த ரெஸ்ட் பதினேழு நாள் போச்சு.

நான் மட்டும்தான் இப்பிடியோன்னு முதல்ல வெட்கமா இருந்துச்சு. ஆனா நாங்க நாகர்கோவில்ல சின்னதா ஒரு மெடிக்கல் ஷாப் வச்சிருக்கோம், முட்டிக்கு போடுற கேப்பு, வலி ஸ்பிரே வாங்க வர்றவங்க கிட்ட சும்மா பேச்சு குடுத்தா பாதிப்பேரு ஒரே கதைதான் சொல்லுவாங்க, "ஓடிட்டுதான் இருந்தேன் அக்கா, அஞ்சு கிலோமீட்டர் வர வந்துட்டேன், பொறவு அப்பிடியே விட்டுப்போச்சு." அடிபட்டு விட்டவங்க கொஞ்சம்தான். முடிச்சதாலயே விட்டவங்கதான் ஜாஸ்தி.

அதனால முடிச்ச பொறவு என்னென்ன வழி இருக்குன்னு ஒண்ணரை வருஷமா ஒவ்வொண்ணா செஞ்சு பாத்தேன், சிலத காசு குடுத்தும் செஞ்சேன். எது யாருக்கு ஒத்துவரும்னு எனக்குப் பட்டத இங்க எழுதுகேன். எனக்கு வயசு 43, வீடு பார்வதிபுரம் பக்கம், எட்டரைக்கு கடையில நிக்கணும், ஓட ஆரம்பிச்சது சுகர் பார்டர்ல நின்னதால. இந்த விவரத்த மனசுல வச்சுக்கிட்டு படிங்க, 25 வயசு பையனுக்கு என் கணக்கு ஒத்துவராது.

முதல்ல ஒரு விஷயம். இந்த ப்ரோக்ராம 1996ல ஜாஷ் கிளார்க்னு ஒருத்தரு தன்னோட அம்மாவ மனசுல வச்சு உண்டாக்கினாரு. முதல் வாரம் 60 செகண்ட் ஓட்டம், 90 செகண்ட் நடை, மாத்தி மாத்தி 20 நிமிஷம். இப்பிடியே ஏத்தி ஏத்தி ஒம்பதாவது வாரம் 30 நிமிஷம் நிக்காம ஓட வச்சிரும். இதுல உள்ள சூட்சுமம் என்னன்னா, இன்னைக்கு எவ்வளவு ஓடணும்ங்கிற முடிவ நம்ம எடுக்காண்டாம், அது எடுத்து வச்சிருக்கும், நம்ம ஷூவ மாட்டினா போதும். ஒம்பது வாரம் முடிஞ்ச உடனே அந்த முடிவெடுக்குற சோலி பட்டுன்னு நம்ம தலையில விழுது, அதுவும் காலம்பற அஞ்சு மணிக்கு, பாதி ஒறக்கத்துல. அந்த நேரத்துல நான் எடுத்த முடிவு எல்லாமே போர்வைக்குள்ள முடிஞ்ச முடிவுதான்.

ஒம்பது வாரத்துல பழக்கமே ஆயிருக்குமேன்னு கேக்கலாம். பழக்கத்தப் பத்தி லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ்ல பிலிப்பா லாலியும் கூட உள்ளவங்களும் 96 பேர வச்சு செஞ்ச ஆராய்ச்சி 2010ல வந்துச்சு, ஒரு காரியம் தானா நடக்குற அளவுக்கு வர சராசரியா 66 நாள், ஆளுக்கு ஆள் 18 நாள்ல இருந்து 254 நாள் வர மாறுது. ஒம்பது வாரம்னா 63 நாள், கிட்ட வந்துட்டோமேன்னு தோணும். ஆனா அவங்க எடுத்தது தினசரி செய்யுற காரியம், நம்ம ஓடுனது வாரத்துக்கு மூணு வீதம் மொத்தம் 27 தடவ. பல் தேய்க்கிற மாதிரி ஓட்டம் பழகிருக்கும்னு நம்புனதுதான் என்னோட முதல் தப்பு.

இனி ஒப்பிடுறதுக்கு நான் வச்சிருக்குற அளவுகோல் ஒண்ணே ஒண்ணு, செவ்வாக்கிழமை. ஞாயித்துக்கிழமை ஓடுறதுக்கு யாருக்கும் ஒரு உந்துதலும் வேண்டாம், லீவு, வெளிச்சம் வந்த பொறவு போனாலும் கேக்க ஆளில்ல, வந்து சுடச்சுட புட்டும் பயறும் தின்னலாம். செவ்வாக்கிழமை அப்பிடியா, திங்கக்கிழமை கடை கூட்டத்துல நின்ன காலு, மகளுக்கு டிஃபன் பாக்ஸ் கட்டணும், வெளிய சாரல். அந்தக் காலம்பற எது நம்மள கட்டில்ல இருந்து எறக்குதுன்னு பாத்தா போதும், மத்ததெல்லாம் பொறவு.

எல்லாரும் முதல்ல சொல்லுற வழி 10கே ரேஸுக்கு பேர் குடுக்குறது. நானும் குடுத்தேன். காசு கட்டுன அன்னைக்கே ஆளு மாறிருச்சு, அதுவர வராத ஒரு பயம் வந்துச்சு, அந்தப் பயம் ரெண்டு மாசம் செவ்வாக்கிழமைய எல்லாம் அசால்ட்டா தாண்ட வச்சிச்சு. அத நான் மறுக்கல. 30 நிமிஷம் ஓடுறவங்க ரெண்டு ரெண்டரை மாசத்துல 10 கிலோமீட்டருக்கு வந்துரலாம், வாரத்துல ஒரு ஓட்டத்த மட்டும் கொஞ்சம் கொஞ்சமா நீட்டணும், மத்த ரெண்டும் இருக்கபடி இருக்கட்டும். வாரத்துக்கு பத்து சதவீதத்துக்கு மேல ஏத்தாதீங்கன்னு ஒரு விதி எல்லாரும் சொல்லுவாங்க. 2008ல நெதர்லாந்துல புதுசா ஓடுறவங்கள ரெண்டா பிரிச்சு, ஒரு கூட்டத்துக்கு அந்த மாதிரி 13 வாரம் பைய ஏத்துற திட்டமும் இன்னொண்ணுக்கு வழக்கமான 8 வார திட்டமும் குடுத்துப் பாத்தாங்க, ரெண்டு பக்கமும் அஞ்சுல ஒருத்தருக்கு அடிபட்டுச்சு, பெரிய வித்தியாசமே இல்ல. அதனால அந்த பத்து சதவீதத்த வேதவாக்கா புடிச்சுக்கிட்டு கால்குலேட்டரோட உக்காராண்டாம், மொழங்காலுக்கு கீழ முன் எலும்புல தொட்டா வலிக்குதான்னு தொட்டுப் பாத்து ஏத்துங்க. வலிச்சா ஸ்பிரே அடிச்சிட்டு ஓடாதீங்க, நான் அத விக்கிறவ, நானே சொல்லுகேன்.

நம்ம ஊருக்குன்னு இதுல ஒரு சிக்கல் உண்டு. பெரிய ரேஸ் எல்லாம் டிசம்பர், ஜனவரியில வருது, சென்னை மாரத்தான் ஜனவரி, கோயம்புத்தூர் டிசம்பர். அதுக்கு தயாராகுற மாசம்னா அக்டோபர், நவம்பர். நம்ம மாவட்டத்துக்கு ஜூன்லயும் மழ, அக்டோபர்லயும் மழ, மத்த ஜில்லாவுக்கு ஒண்ணுன்னா நமக்கு ரெண்டு. நவம்பர் 1 மாவட்டம் தமிழ்நாட்டோட சேந்த நாளு, லோக்கல் லீவு, அன்னைக்குதான் நான் எட்டு கிலோமீட்டர் ஓடணும்னு சுவத்துல எழுதி வச்சிருந்தேன், விடிஞ்சு பாத்தா தெருவுல கணுக்கால் அளவு தண்ணி. வீட்டுக்குள்ள நடையும் படியேத்தமுமா நாப்பது நிமிஷம் போச்சு, வீட்டுக்காரரு பேப்பர் படிச்சிட்டு இருந்தவரு ஒவ்வொரு தடவையும் கால தூக்கி வழி விட்டாரு. ரேஸ்தான் வழின்னு முடிவு பண்ணுறவங்க பிப்ரவரி, மார்ச்ல வர்ற சின்ன ரேஸா பாருங்க, டிசம்பர் கடைசியில மழ ஓஞ்ச பொறவு பழகலாம், காலம்பற கொஞ்சம் குளிரும் இருக்கும்.

ரேஸு நாளப் பத்தி ஜாஸ்தி சொல்ல ஒண்ணுமில்ல. ஏழாவது கிலோமீட்டர்ல தண்ணி மேசை காலியா இருந்துச்சு, எந்த ரேஸுன்னு சொல்ல விரும்பல. மெடல் கெடச்சுது, ஓடி முடிச்சேன். ஆனா முடிச்சிட்டு ரயிலேறி வந்த பொறவு மறுபடியும் அதே பள்ளம், இந்தத் தடவ மூணு வாரம். கவுச் டு 5கே முடிஞ்சப்போ வந்த அதே காலி ஆப்பு, இப்ப கொஞ்சம் பெருசா. ரேஸ்ங்கிறது கடன் வாங்கி கல்யாணம் பண்ணுற மாதிரி, அந்த நாள் வர ஓட்டும், அதுக்கு மறுநாள் என்னன்னு அதுக்கு தெரியாது. ஒரு ரேஸ் முடிஞ்ச கையோட அடுத்ததுக்கு பேர் குடுக்குறவங்க உண்டு, கையில காசும் லீவும் இருந்தா தப்பில்ல. சென்னைன்னா கன்னியாகுமரி எக்ஸ்பிரஸ்ல ஒரு ராத்திரி போக, ஒரு ராத்திரி வர, ரூமு, ரெண்டு நாள் கடை. வருஷத்துக்கு ஒண்ணுக்கு மேல என்னால முடியாது.

அடுத்தது, தூரத்த விட்டுட்டு நேரத்த குறைக்கிறது. இதுல ஒரு உண்மைய யாரும் வெளிய சொல்லுறதில்ல. 30 நிமிஷம் ஓடுனா 5 கிலோமீட்டர்னு ப்ரோக்ராம் பேருலயே இருக்கு, ஆனா அதுக்கு கிலோமீட்டருக்கு 6 நிமிஷ வேகம் வேணும். நான் முடிச்ச அன்னைக்கு 30 நிமிஷத்துல ஓடுனது 3.9 கிலோமீட்டர். அப்போ எனக்கு இன்னும் 5கே முடியவே இல்லையே! அத யோசிச்சப்போ முதல்ல வெப்ராளமா இருந்துச்சு, பொறவு பாத்தா அதுதான் ரொம்ப நல்ல செய்தி, ஏன்னா அடுத்த குறி எங்கயும் தேடாண்டாம், மிச்சம் 1.1 கிலோமீட்டர் அங்கயே நிக்குது. முடிச்சிட்டு என்ன செய்யன்னு முழிக்கிறவங்க முதல்ல இந்தக் கணக்க பாருங்க, முக்காவாசிப் பேருக்கு இன்னும் ஒரு மாச சோலி மிச்சம் இருக்கும். அத நிரப்பின பொறவு எனக்கு 38 நிமிஷம் ஆச்சு, அங்கேருந்து 35க்கு வர நாலு மாசம். வாரத்துல ஒருநாள் ஸ்டேடியம் பக்கம் போயி ஒரு நிமிஷம் வேகம், ரெண்டு நிமிஷம் பைய, ஆறு தடவ, அவ்வளவுதான். மத்த நாளு வேகம் கூடவே கூடாது. செவ்வாக்கிழமைக்குன்னு ஒரு தனி வேலை இருந்துச்சு பாத்தீங்களா, அது எழுப்பி விட்டுது. ஆனா 35க்கு பொறவு கடிகாரம் அசையல, ரெண்டு மாசம் அசையாம நின்னுச்சு, நம்பர வச்சு ஓடுறவளுக்கு நம்பர் நின்னா கால் நின்னுரும். எண்ணு மேல ஆசை உள்ளவங்க, சின்ன வயசுக்காரங்க, இந்த வழியில போங்க, ஒரு வருஷம் நல்லா ஓடும்.

தினசரி ஓட்டம், நடுவுல ஒருநாள் கூட விடாம. இதுல பேரெடுத்த ஆளு இங்கிலாந்து ரன்னர் ரான் ஹில், 1964 டிசம்பர்ல ஆரம்பிச்சு 2017 ஜனவரி வர, 52 வருஷமும் 39 நாளும், தினமும் குறைஞ்சது ஒரு மைல். படிச்ச உடனே எனக்கும் புல்லரிச்சுது, மறுநாளே ஆரம்பிச்சேன். செவ்வாக்கிழமை சோதனையில இதுக்கு நூத்துக்கு நூறு மார்க், ஏன்னா முடிவெடுக்க ஒண்ணுமே இல்ல, ஓடணும், அவ்வளவுதான். 19 நாள் ஓடுனேன். பதினாலாவது நாள்லயே எலும்புல வலி ஆரம்பிச்சிருச்சு, கணக்கு உடைஞ்சிருமேன்னு மறைச்சு மறைச்சு ஓடுனேன், இருவதாவது நாளு மண்டைக்காடு கொடைக்கு அம்மா வீட்டுக்கு போனோம், கூட்டம், சொந்தக்காரங்க, மண்டையப்பம், ஓடல. அதோட போச்சு, ஒரு நாள் விட்ட கோவத்துல ஆறு வாரம் விட்டேன், பாதி வலிக்கு, பாதி ரோஷத்துக்கு. அந்த லண்டன் ஆராய்ச்சியிலயே ஒரு நாள் விட்டுப்போறதால பழக்கம் உண்டாகுறதுக்கு பெருசா கேடு இல்லன்னுதான் சொல்லியிருக்கு, அத நான் பொறவுதான் கவனிச்சேன். நம்ம மூச்சு ரெண்டு மாசத்துல பழகிரும், ஆனா எலும்பும் தசைநாரும் அவ்வளவு சீக்கிரம் பழகாது, அதனால புதுசா முடிச்சவங்களுக்கு தினசரி ஓட்டம் நான் சொல்லவே மாட்டேன். தினசரிதான் வேணும்னா ஓட்டமோ நடையோ 20 நிமிஷம்னு வச்சுக்கோங்க.

குரூப்பு. நம்ம ஊருலயும் இப்ப ஓடுற கூட்டம் உண்டு, காலம்பற அண்ணா ஸ்டேடியம் பக்கம் போனா யாராவது ஒருத்தர் கண்ணுல படுவாங்க, பேசுனா வாட்ஸ்அப்புல சேத்து விட்டுருவாங்க. எனக்கு நெறைய படிச்சுக் குடுத்தது அவங்கதான், ஷூ 500ல இருந்து 800 கிலோமீட்டர்ல தேஞ்சிரும், பாக்க புதுசா இருந்தாலும் உள்ள மெத்து செத்துப்போயிருக்கும்னு ஒரு அண்ணாச்சி சொல்லித்தான் தெரியும், நான் அந்த ஷூவ பேத்திக்கு வச்சிருந்து குடுக்குற கணக்குல இருந்தேன். ஒருதடவ எல்லாருமா சூரியோதயத்துக்கு கன்னியாகுமரி போயி கடற்கரையோரம் ஓடுனோம், புது கண்ணாடிப் பாலத்துக்கு முன்னாடி நின்னு போட்டோ எடுத்தோம், அதுல ஓடலாமான்னு ஒரு பையன் கேட்டான், 77 மீட்டர்தான், அதுக்கும் படகு ஏறிப் போகணும், வீட்டு மாடியில ஓடிக்க மக்ளேன்னு சொன்னேன்.

ஆனா குறையும் சொல்லணும். எங்க கூட்டத்துல 22 பேருல பொம்பளைங்க மூணு பேரு, அவங்க வேகம் வேற என் வேகம் வேற, "பைய வாங்க அக்கா"ன்னு சொல்லிட்டு போயிருவாங்க, தப்பா சொல்லல, பாசமாத்தான் சொல்லுவாங்க, ஆனா ரெண்டாவது கிலோமீட்டர்லயே நான் ஒத்தையில. அதுவும் இல்லாம கூட்டம் கூடுறது ஞாயித்துக்கிழமை. செவ்வாக்கிழமை குரூப்புல வர்றது குட்மார்னிங் படம் மட்டும்தான். ஆளுங்க கூட பழகுனா தெம்பு வர்ற சுபாவம்னா கண்டிப்பா சேருங்க, அதுலயே உங்க வேகத்துல உள்ள ஒருத்தர கண்டுபுடிச்சா பெரிய லாபம்.

ஆப்பு, வாட்ச் பத்தி சுருக்கமா. ஸ்ட்ராவான்னு ஓட்டத்த பதிவு பண்ணுற ஆப்பு உண்டு, அதுல நம்ம ஓட்டத்த போட்டா நாலு பேரு கட்டைவிரல் தூக்குவாங்க, முதல் மாசம் அதுவே போதையா இருக்கும், பொறவு யாரு தூக்கினா என்னன்னு ஆயிரும். அது ஒரு கணக்குப் புத்தகம், அவ்வளவுதான், கணக்குப் புத்தகம் யாரையும் வியாபாரத்துக்கு அனுப்பாது. பொம்பளைங்க ஒண்ணு கவனிங்க, ஓட்டம் தொடங்குற எடம் மேப்புல தெரியாம மறைக்க செட்டிங்ஸ்ல வழி இருக்கு, அத முதல் நாளே செஞ்சிருங்க. 2018ல அந்த ஆப்போட உலக மேப்புல ராணுவ முகாம்ல ஓடுனவங்க தடமெல்லாம் வெளிச்சம் போட்ட மாதிரி தெரிஞ்சு பெரிய பிரச்சினை ஆச்சு, நம்ம வீட்டு கேட்டு தெரியாதா?

எடத்த மாத்தி ஓடுறது எனக்கு ரொம்ப பிடிச்சது, அதனாலதான் அத பத்தி கொஞ்சம் கறாரா சொல்லணும். இந்த மாவட்டத்துல அதுக்கு பஞ்சமே இல்ல. சங்குத்துறை, சொத்தவிளை கடற்கரை, சுசீந்திரம் குளத்தோரம் பறவை சத்தம், தோவாளை பக்கம் விடியக்காலம் போனா காத்துலயே பிச்சி வாசம், ஆரல்வாய்மொழியில காத்தாடி காத்து முன்னாடி தள்ளுறதும் பொறத்தால தள்ளுறதும். கடற்கரை மணல்ல ஓடுறவங்களுக்கு ஒரு விஷயம், மெத்துன்னு இருக்குற மணல்ல ஓட கெட்டித் தரையில ஓடுறத விட 1.6 மடங்கு சக்தி செலவாகும்னு 1998லயே அளந்து வச்சிருக்காங்க. அதனால ரோட்டுல 35 நிமிஷம் ஓடுறவ மணல்ல பத்து நிமிஷத்துல நாக்கு தள்ளி நின்னா வெட்கப்பட ஒண்ணுமில்ல. அலை நனைச்சு எறங்குன ஈர மணலு கெட்டியா இருக்கும், அதுல ஓடலாம், ஆனா கரை ஒரு பக்கமா சரிஞ்சு கெடக்கும், போன வழியே திரும்பி வந்தாதான் ரெண்டு காலுக்கும் சமமாகும். மாத்தூர் தொட்டிப்பாலத்துக்கும் ஒரு தடவ போனேன், 115 அடி உயரம், நடக்குற பாதை அவ்வளவு அகலமில்ல, எதுக்க ஒரு குடும்பம் செல்ஃபி எடுத்துட்டு வந்துச்சு, ஓட்டம் அங்கயே நடையாச்சு.

இப்ப செவ்வாக்கிழமைய வச்சு பாருங்க. எட்டரைக்கு கடை, சங்குத்துறைக்கு வண்டிய எடுத்துட்டு போயி ஓடி மண்ண தட்டி திரும்பி வந்து குளிச்சு... நடக்காது. அழகான எடம் ஞாயித்துக்கிழமைக்கு சொந்தம். கடற்கரையிலயே வீடு உள்ள பள்ளம், மணக்குடி, முட்டம் காரங்க இத படிச்சு சிரிப்பீங்க, சிரிங்க.

திரும்பவும் ப்ரோக்ராமயே ஓடுறத நெறைய பேரு தோல்வியா நெனைக்காங்க. மூணு வாரம் விட்டுட்டு வந்தவங்களுக்கு இத விட நல்ல வழி எனக்கு தெரியல. முதல் வாரத்துக்கு போகாண்டாம், நாலாவது இல்லன்னா அஞ்சாவது வாரத்துல புடிச்சு ஏறுங்க, முடிவ மறுபடியும் ஆப்பு எடுக்கும், நம்ம தலைவலி மிச்சம். நடுவுல நடக்குறதும் கேவலம் இல்ல, ஒலிம்பிக் ஓடுன ஜெஃப் காலவே 1970கள்ல இருந்தே ஓட்டம் நடை ஓட்டம்னு சொல்லிக் குடுத்து மாரத்தானே முடிக்க வச்சாரு.

அப்புறம், ஒண்ணுமே ஏத்தாம இருந்த எடத்துலயே இருக்குறது. வாரம் மூணு ஓட்டம், அரை மணி நேரம், அதோட சரி. இத யாரும் ஒரு வழியாவே கணக்குல எடுக்குறதில்ல. உலக சுகாதார நிறுவனம் 2020ல சொன்ன கணக்குப்படி வாரத்துக்கு குறைஞ்சது மிதமான உடற்பயிற்சின்னா 150 நிமிஷம், கடுமையானதுன்னா 75 நிமிஷம். ஓட்டம் ரெண்டாவது வகை. மூணு அரை மணின்னா 90 நிமிஷம், தாண்டியாச்சு. என்னை மாதிரி சுகருக்காக ஆரம்பிச்சவங்களுக்கு 10கே கட்டாயமே இல்ல, இந்த அரை மணி நேரத்த பத்து வருஷம் விடாம இருந்தா அதுதான் பெரிய காரியம். இத முன்னாடியே யாராவது சொல்லியிருந்தா அந்த 19 நாள் கூத்து நடந்திருக்காது. ஆனா ஒண்ணு, ஏத்தாம இருக்குறதுக்குதான் செவ்வாக்கிழமை ரொம்ப கஷ்டம், எதுக்காக எந்திரிக்கணும்ங்கிறதுக்கு பதிலே இருக்காது.

அதுக்கு பதில் கெடச்சது தற்செயலாத்தான். ரெண்டு தெரு தள்ளி தையல் கடை வச்சிருக்குற பிள்ள ஒருத்தி, நான் ஓடுறத பாத்துட்டு ஒருநாள் "எங்க அக்கா ஓடுறிய, பஸ்ஸு விட்டுட்டியளா"ன்னு கேட்டா. இந்தக் கேள்வி எனக்கு புதுசு இல்ல, பைக்குல போன ஒருத்தரு நிறுத்தி ஆஸ்பத்திரிக்கா அவசரமா போறிய, ஏறிக்கிடுங்கன்னே சொல்லியிருக்காரு. விவரம் சொன்னேன், அடுத்த வாரமே அவளும் ஆப்ப எறக்கிட்டா. இப்ப செவ்வா, வியாழன் காலம்பற 5.20க்கு எங்க கேட்டுக்கு வெளிய டார்ச்ச அடிச்சிட்டு நிப்பா, பெல் அடிக்க மாட்டா, மாமியார் முழிச்சிருவாங்கன்னு போன்ல ஒரு மிஸ்டு கால். அந்த மிஸ்டு கால் வந்த பொறவு போர்வைக்குள்ள கெடக்க எனக்கு தைரியம் கெடையாது. இருட்டுல ஒரு பொம்பளப்பிள்ள நம்மள நம்பி நிக்கான்னா அத விட என்ன உந்துதல் வேணும்? காசு கட்டுன ரேஸ கூட ஏமாத்திரலாம், ஏமாந்தவளும் நம்மதான்னு ஆயிரும். அவள ஏமாத்துனா நாளைக்கு ப்ளவுஸு யாரு தைப்பா.

இதுலயும் குறை இல்லாம இல்ல. அவ வேகம் என்னை விட கம்மி, நடை ஓட்டமா போகும், முதல்ல எனக்கு நேரம் வீணாப்போகுதோன்னு இருந்துச்சு, பொறவுதான் கவனிச்சேன், பேசிட்டே ஓட முடியுற வேகம்தான் வாரத்துல பாதி ஓட்டத்துக்கு வேணும், நான் அது வர எல்லா ஓட்டத்தையும் மூச்சு வாங்க வாங்க ஓடி எலும்ப கெடுத்திருக்கேன். இன்னொண்ணு, அவ பையனுக்கு பரீட்சைன்னா வர மாட்டா, அப்போ நானும் படுத்திருவேன். ஒரே ஆள நம்புறது அந்த அளவுக்கு ஆபத்துதான். அதனால மூணாவதா ஒரு ஆளு தேடிட்டு இருக்கோம்.

ரெண்டு பேரா போறதுல பாதுகாப்பும் உண்டு. நாய்ங்க ஒத்தையில போனாதான் வெரட்டும், ரெண்டு பேரு டார்ச்சோட நின்னு திரும்பிப் பாத்தா பெரும்பாலும் கொரைச்சிட்டு ஒதுங்கிரும், ஓடாதீங்க, ஓடுனா அதுவும் ஓடும். கடிச்சா, கீறுனாக்கூட, சோப்பு போட்டு ஓடுற தண்ணியில 15 நிமிஷம் கழுவிட்டு அன்னைக்கே ஆஸ்பத்திரிக்கு போயி ஊசி போடணும், மஞ்சள் வைக்கிறது, சுண்ணாம்பு வைக்கிறது எதுவும் வேண்டாம், எங்க கடைக்கு களிம்பு கேட்டும் வராதீங்க. ரோட்டுல வண்டிக்கு எதுத்தாப்புல ஓடுங்க, வெள்ளை இல்லன்னா மின்னுற பட்டை போட்ட சட்டை. மாரத்தான் தாத்தா ஃபௌஜா சிங், 89 வயசுல முதல் மாரத்தான் ஓடுனவரு, நூறு வயசத் தாண்டி இருந்தவரு, 2025ல சொந்த ஊருல ரோட்ட கடக்கும்போது கார் மோதித்தான் போனாரு. எனக்கு அது மனசுலயே நிக்குது.

ஆக நான் இப்ப செய்யுறது இதுதான்: செவ்வா, வியாழன் அவளோட, பைய. ஞாயித்துக்கிழமை என் இஷ்டம், ஒரு வாரம் குரூப்பு, ஒரு வாரம் சொத்தவிளை, ஒரு வாரம் ஒறக்கம். வருஷத்துக்கு ஒரு ரேஸ், ஆனா பேர் குடுக்குற அன்னைக்கே ரேஸுக்கு அடுத்த வாரத்து மூணு ஓட்டத்தையும் காலண்டர்ல எழுதிருவேன், சின்னதா, 15 நிமிஷம் 15 நிமிஷமா. இத மாத்தி ஒருத்தருக்கு வேகம் பிடிக்கலாம், இன்னொருத்தருக்கு கூட்டம் பிடிக்கலாம், ஷிஃப்டு வேலைக்காரங்களுக்கு ஆளே சேராது, அவங்களுக்கு ரேஸும் ப்ரோக்ராமும் மாத்தி மாத்திதான் ஒத்துவரும்னு நெனைக்கேன். ரப்பர் வெட்டுற வேலைக்கு வெள்ளனே போறவங்க சாயங்காலம்தான் ஓட முடியும், அந்தக் கணக்கே வேற.

சென்னைக்கு பேர் குடுக்கவா வேண்டாமான்னு இன்னும் முடிவு பண்ணல, மழ எப்பிடி வருதுன்னு பாக்கணும். வர்ற செவ்வாக்கிழமை தையல்காரிக்கு அஞ்சாவது வாரம் மூணாவது ஓட்டம். அந்த ப்ரோக்ராம் ஓடுனவங்களுக்கு தெரியும் அது என்னன்னு, திடீர்னு 20 நிமிஷம், நடுவுல நடையே இல்லாம. அவ இன்னும் ஆப்புல முன்னாடி தள்ளிப் பாக்கல. நானும் சொல்லல.